யாரும் தொடக்கூடாத டம்ளர்

மார்ச் 2, திங்கள்

இன்று சேர்ந்த புது மாணவி ஒரு பல் மருத்துவர். ஊர்க்காரர்களை வாயைத் திறக்க வைத்துப் பயமுறுத்துகிறவர், ஸ்டியரிங்கைப் பிடித்ததிலிருந்து தன் வாயை மூடவே இல்லை. ஒவ்வொரு விளக்குக் கம்பத்தைக் கடக்கும்போதும் "சாரி" என்றார். கம்பத்திடம்தான். பயிற்சிக் காரில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அது மட்டும் இல்லையென்றால் டிரைவிங் சொல்லிக்கொடுக்கிற இந்த வேலையை எப்போதோ விட்டிருப்பேன். இன்று அதை மிதித்த மிதியில் முழங்கால் இன்னும் விண்விண்ணென்கிறது.

சாயங்காலம் குழந்தைகள் காப்பகத்துக்குப் பீரங்கியைக் கூட்டிவரப் போனேன். (மகளே, பதினாறு வயதில் இதைத் திருட்டுத்தனமாகப் படிக்கிறாய் என்றால் தெரிந்துகொள்: பிறந்த அன்று நீ போட்ட சத்தத்துக்கு உன் அப்பா வைத்த பெயர் அது. இரண்டு வயதாகியும் நீ அதற்குக் குறை வைக்கவில்லை.) வாசலிலேயே ஆயா, "ரெண்டு பசங்களுக்கு வயிறு சரியில்லம்மா. நல்லவேளை, உங்க பொண்ணு ஜம்முனு இருக்கா" என்றார்.

என்ன வாய் முகூர்த்தமோ. வீட்டுக்கு வந்து அரை வாழைப்பழம் சாப்பிட்டாள். அதை அப்படியே என் வேலைச் செருப்புக்குள் திருப்பிக் கொடுத்தாள். தரையில் ஒரு சொட்டு இல்லை. பீரங்கிக்குக் குறி தப்பாது.

மார்ச் 3, செவ்வாய்

வாந்தி, பேதி, வாந்தி. துவைக்கும் மெஷின் நிற்கவே இல்லை.

காலையில் யார் லீவு போடுவது என்று பெரிய வழக்கு. இவர் லிஃப்ட் மெக்கானிக். "லிஃப்ட்ல யாராவது மாட்டிக்கிட்டா நான் போயாகணும்ல" என்றார். "என் கார்ல தினமும் ஒருத்தர் மாட்டிக்கிட்டுதான் இருக்காங்க" என்றேன். "உன் கார்ல இருந்து இறங்கி நடந்தாவது போயிடலாம்" என்றார். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பீரங்கி எங்கள் இருவர் மேலும் பாரபட்சம் பார்க்காமல் வாந்தியெடுத்து வழக்கை முடித்துவைத்தாள். இரண்டு பேரும் லீவு.

குழந்தை டாக்டர் அதிகம் பேசாதவர். வயிற்றை அழுத்திப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார். "மருந்துன்னு பெருசா ஒண்ணும் கிடையாது. இந்த உப்புத் தூளைத் தண்ணியில கரைச்சு, கொஞ்சம் கொஞ்சமா கொடுத்துக்கிட்டே இருங்க. ஒண்ணுக்குப் போறாளா, அழுதா கண்ணீர் வருதா, நாக்கு ஈரமா இருக்கா, இதை மட்டும் பாருங்க. இல்லைன்னா தூக்கிட்டு வந்துடுங்க, டிரிப்ஸ் போட்டுடலாம்" என்றார்.

போட்டுடலாமாம். கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு முறை போட்டார்களே. கையில் நரம்பு கிடைக்கவில்லை, காலில் கிடைக்கவில்லை, கடைசியில் தலையில் ஒரு பக்கம் முடியை மழித்துக் குத்தினார்கள். அவள் காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டது நான்தான். அன்று என்னைப் பார்த்தாள் பாருங்கள் ஒரு பார்வை. அதை இன்னொரு தடவை வாங்கிக்கொள்ள என்னால் முடியாது. தலைகீழாக நின்றாவது இந்த உப்புத் தண்ணீரை அவளுக்குள் இறக்கிவிடுவேன்.

மார்ச் 4, புதன் — காலை

தலைகீழாக நின்றாயிற்று. இறங்கவில்லை.

ஸ்பூனில் கொடுத்தேன், தட்டிவிட்டாள். ஊசி இல்லாத சிரிஞ்சில் கன்னத்து ஓரமாகச் செலுத்தினேன், குறி பார்த்து என் கண்ணில் துப்பினாள். ஸ்ட்ராவைக் கொடுத்தால் எதிர்ப்பக்கமாக ஊதி டம்ளருக்குள் குமிழி விட்டாள். "பொம்மை குடிக்குது பாரு, நீயும் குடி" என்றதும் மட்டும் மேடம் அக்கறையாகக் கேட்டுக்கொண்டாள். ஸ்பூனை வாங்கிப் பொம்மைக்கு ஊட்டினாள். இன்னும், இன்னும் என்று ஊட்டினாள். எங்கள் வீட்டில் இப்போது நீர்ச்சத்துக் குறைவில்லாத ஒரே ஆள் பொம்மைதான்.

மூடிய வாயைத் திறக்க வைக்க ஏதாவது வித்தை உண்டா என்று பல் மருத்துவருக்கே போன் போட்டேன். "நாங்க சின்னக் குழந்தைங்களைப் பார்க்கறதில்ல மேடம். கடிச்சிடும்" என்றார்.

வாயை மூடிக்கொண்டு அவள் என்னைப் பார்க்கும் பார்வையில் அப்படியொரு நிம்மதி. நான் ஜெயிக்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு அழுகை வருகிறது, கோபமும் வருகிறது. ரெண்டு வயசு. ரெண்டே வயசு. என்ன பண்ணிட முடியும் இவளால — எல்லாம் பண்றாளே.

அதே நாள், சாயங்காலம்

நம்பவே முடியவில்லை. குடித்துவிட்டாள். எங்கள் புத்திசாலித்தனத்தால் இல்லை, இவருடைய கருமித்தனத்தால்.

மத்தியானம் இவர் தாகமாக இருக்கிறது என்று சமையலறைக்குப் போய், எந்தக் கூஜாவில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் உப்புத் தண்ணீரைத் தன் டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஒரு வாய் குடித்தார். முகம் போன போக்கைப் பார்த்து நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். கொட்ட மனசு வராமல் டம்ளரைப் பக்கத்தில் வைத்தார். பீரங்கி வந்து அதைத் தொட்டாள். இவர் பழக்க தோஷத்தில், "ஏய், தொடாத. இது அப்பாவோடது" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பினார்.

அவ்வளவுதான். இரண்டு கையாலும் டம்ளரைத் தூக்கினாள். அவர் முதுகின் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டே ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடித் திறந்து இன்னொரு வாய். என் கையிலிருந்து ஒரு சொட்டுகூடத் தொடாத அதே தண்ணீர். நான் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இவர் திரும்பி, "என் தண்ணி எங்க?" என்று நிஜமாகவே கேட்டார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இரண்டு நாளில் முதல் சிரிப்பு.

உடனே சமையலறையில் எங்கள் அவசரக் கூட்டம் நடந்தது. முடிவுகள்: இனி யாரும் அவளுக்குத் தண்ணீர் கொடுப்பதில்லை. தண்ணீர் எல்லாம் நம்முடையது. யாரும் தொடக்கூடாது. டம்ளரில் இரண்டு வாய்க்கு மேல் வைக்கக்கூடாது, அவசரமாகக் குடித்தால் வெளியே வந்துவிடும். முதுகைக் காட்டி உட்கார வேண்டும், எட்டிப் பார்க்கக்கூடாது.

எல்லாம் தன் திட்டம்தான் என்று அதற்குள் இவர் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

மார்ச் 5, வியாழன்

திருட்டு அமோகமாக நடக்கிறது. சோபாவின் மேல் ஒன்று, ஜன்னல் விளிம்பில் ஒன்று, இவருடைய கருவிப் பெட்டியின் மேல் ஒன்று. எல்லாவற்றுக்கும் ஒரு காவலாளி, எல்லாக் காவலாளியும் அசடு.

இவர் நடிப்பில் மிகை அதிகம். டம்ளர் காலியானதைப் பார்த்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் சாய்ந்தார். குழந்தை பயந்து அழுதுவிட்டாள். "அளவா நடிங்க" என்றேன். "நீ மட்டும் என்னவாம், திரும்பறதுக்கு முன்னாடியே சிரிக்கிற" என்றார். அவர் சொன்னதும் சரிதான்.

பேதி நிற்கவில்லை. டயப்பரில் எது எது என்று பிரித்துச் சொல்ல முடியாததால், ஒண்ணுக்குப் போகிறாளா என்று பார்க்க, கீழே ஒன்றும் போடாமல் விட்டுவிட்டோம். வீடு முழுக்கப் பழைய துண்டுகள். காலையில் துண்டு நம்பர் மூன்றில் ஈரம். நானும் இவரும் குனிந்து முகர்ந்து பார்த்து, அதுதான் என்று உறுதி செய்துகொண்டு கைகுலுக்கினோம். கல்யாணமான புதிதில் இப்படியொரு காலை வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் ஓடியிருப்பேன்.

அதே நாள், பிறகு

அண்ணி போன் செய்தார். நாளைக் காலை வருகிறாராம். எங்கள் லீவு தீர்ந்துவிட்டது, அவர் பள்ளிக்கு விடுமுறை. உதவிதான். பெரிய உதவிதான். நன்றியோடு இருக்க வேண்டும் என்று எனக்கே மூன்று தடவை சொல்லிக்கொண்டேன்.

அண்ணி இவருடைய அக்கா. மழலையர் பள்ளி ஆசிரியை. பெரியவர்களிடமும் அதே குரலில்தான் பேசுவார். "நம்ம செருப்பை நாம எங்க வைக்கணும்?" என்று என்னைக் கேட்பார், என் வீட்டு வாசலில். போன தடவை வந்தபோது என் சமையலறை டப்பாக்களை உயர வரிசையில் நிற்க வைத்துவிட்டுப் போனார். உப்பைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. பழக்கடையில் ருசி பார்க்க ஒரு திராட்சையை நான் வாயில் போட்டால், "கேட்டுட்டு எடுத்தியா?" என்று கடைக்காரர் முன்னால் கேட்பார். கடைக்காரரே கூச்சப்படுவார்.

மார்ச் 6, வெள்ளி

பீரங்கி தூங்கிய பிறகுதான் இதை எழுதுகிறேன். நடந்தது நடந்தபடி.

காலையில் அண்ணி வந்தார். என் மாணவிகள் இரண்டு பேருக்கு இன்று லைசென்ஸ் டெஸ்ட், நான் போயே ஆக வேண்டும். இவரை அதற்கு முன்பே எங்கேயோ நின்றுபோன லிஃப்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். "உப்புத் தண்ணி கூஜாவுல இருக்கு அண்ணி. கொஞ்சம் கொஞ்சமா குடிச்சிடுவா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். எப்படிக் குடிப்பாள் என்று சொல்லவில்லை. இவர் போனில் சொல்லியிருப்பார் என்று நான் நினைத்தேன், நான் நேரில் சொல்லுவேன் என்று இவர் நினைத்தார். அதெல்லாம் சும்மா. ஒரு திராட்சைக்குக் கணக்குக் கேட்கிற மனுஷியிடம், "உங்க தம்பி பொண்ணைத் திருடப் பழக்கிக்கிட்டு இருக்கோம்" என்று சொல்ல இரண்டு பேருக்கும் துணிச்சல் இல்லை.

மத்தியானம் திரும்பி வந்தேன். வீடு பளபளவென்று இருந்தது. துண்டுகள் மடித்து அடுக்கப்பட்டிருந்தன, ஒன்றிலும் ஈரமில்லை. பீரங்கி பாயில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் உள்ளே போயிருந்தது.

"ரொம்பச் சமத்து" என்றார் அண்ணி. முகம் பெருமையில் மின்னியது. "காலையில நான் அந்தப் பக்கம் திரும்பினதும் என் டம்ளர்ல வாய் வச்சா. கையும் களவுமா பிடிச்சிட்டேன். அடுத்தவங்க பொருளைக் கேட்காம எடுக்கக்கூடாது, எடுத்துக்கட்டுமான்னு கேக்கணும்னு சொன்னேன். ஒரே தடவைதான். அதுக்கப்புறம் தொடவே இல்லை. என் கிளாஸ்ல ஒரு பையனுக்கு இதுக்கு ஒரு வருஷம் ஆச்சு."

"கேட்டாளா?"

"அழகாக் கேட்டா. எடுத்துக்கோன்னு கொடுத்தேன். வேணாம்னுட்டா."

"அப்புறம் எதுவும் குடிக்கலையா?"

"ஸ்பூன்ல கொடுத்தேன். வாயைத் திறக்கலை. ஒரு தடவை வாந்தி எடுத்தா."

 அவளைத் தூக்கினேன். காலையிலிருந்து ஒன்றுமே உள்ளே போகவில்லை, வெளியே மட்டும் போயிருக்கிறது. என்னைப் பார்த்ததும் அழுதாள். சத்தம் வந்தது, ஆனால் பாதிச் சத்தம். கன்னத்தைத் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

டாக்டருக்குப் போன் செய்தேன். "கொஞ்சம் கொஞ்சமா உள்ள போகுதான்னு பாருங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஒண்ணுக்குப் போகலைன்னா யோசிக்காதீங்க, தூக்கிட்டு வந்துடுங்க. அதுக்கு முன்னாடியே சோர்ந்து துவண்டான்னா அப்பவே வாங்க" என்றார்.

போனை வைத்தேன். பிறகு வாயில் வந்ததைச் சொன்னேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். "உங்களை யாரு பாடம் எடுக்கச் சொன்னது? அவ திருடினாத்தான் குடிப்பா. அதுக்காகத்தான் ரெண்டு நாளா நாங்க கோமாளி வேஷம் போட்டுக்கிட்டு இருக்கோம். ஒழுக்கமா வளர்க்கலாம் அண்ணி, அவ இருந்தாத்தானே வளர்க்க முடியும். மறுபடியும் தலையில குத்துவாங்க. நான்தான் காலைப் பிடிச்சுக்கணும். நீங்க பிடிப்பீங்களா?"

அண்ணி முகத்தில் ஈயாடவில்லை.  பிறகு, "இதை ஏன் என்கிட்ட முன்னாடியே சொல்லலை?" என்றார். அந்த வகுப்பறைக் குரல் இல்லை.

"பயம்" என்றேன்.

"என்கிட்டயா?"

நான் தலையசைத்தேன். அவர் கொஞ்ச நேரம் பீரங்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அலமாரி மேல் வைத்தார். "யாரோட டம்ளரைத் திருடணும்?" என்றார்.

சாப்பாட்டு மேஜையில் நான் டம்ளரோடு உட்கார்ந்தேன். அண்ணி கனத்த உடம்பு, முட்டி வேறு வலி. அந்த முட்டியை மடக்கி மேஜைக்கு அடியில் நுழைந்தார். பீரங்கியையும் உள்ளே இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் சத்தமாக, "இது என் தண்ணி. யாரும் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மேஜைக்கு அடியிலிருந்து அண்ணியின் குரல், குசுகுசுவென்று: "நாம போய் அதை எடுத்துக் குடிச்சிடலாமா?"

பீரங்கியின் குரல், குசுகுசு இல்லாமல்: "கேக்கணும்."

நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். ஒரே தடவையில் கற்றுக்கொண்ட பாடம்.

"அத்த, கேக்கணும்" என்றாள் மறுபடி. அதட்டுகிற மாதிரி.

 அண்ணி அங்கே என்ன யோசித்தாரோ தெரியாது. எத்தனை வருடமாக எத்தனை குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஒன்றை, தன் மடியில் உட்கார்ந்து ஒருத்தி திருப்பிச் சொல்கிறாள். பிறகு சொன்னார்: "கேட்டா தரமாட்டா. உங்கம்மா ரொம்பக் கெட்டவ."

அதைச் சொன்னபோது குரலில் ஒரு திருப்தி தெரிந்தது. என்னைப் பற்றி ரொம்ப நாளாகச் சொல்ல வைத்திருந்த மாதிரி. போகட்டும், எடுத்துக்கொள்ளட்டும்.

மேஜை விளிம்பில் ஒரு கை முளைத்தது. கண்ணாடி இல்லாததால் தடவித் தடவி வந்தது. ஸ்பூனைத் தள்ளியது, உப்பு ஜாடியைப் பிடித்தது, விட்டது. நான் டம்ளரை முழங்கையால் இரண்டு விரல் நகர்த்திக் கொடுத்தேன். டம்ளர் கீழே போயிற்று.

"ஆஹா" என்றார் அண்ணி. அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு ஆஹா என்று சொல்ல எவ்வளவு பெரிய மனசு வேண்டும். "எவ்வளவு நல்லா இருக்கு. நானே எல்லாத்தையும் குடிச்சிடப் போறேன்."

"எனக்கு."

"ஷ்ஷ். உனக்குக் கிடையாது. இது நான் திருடினது."

"எனக்கு, அத்த."

மொடக். ஒரு சின்ன மொடக்.

நான் திரும்பி, "யாரு என் தண்ணியைக் குடிச்சது?" என்று கத்தினேன். அடியில் இரண்டு பேர் சிரித்தார்கள். மறுபடி இரண்டு வாய் ஊற்றினேன், மறுபடி எச்சரித்தேன், மறுபடி திரும்பிக்கொண்டேன். இடையிடையே விட்டு, நிதானமாக. எத்தனை தடவை என்று எண்ணவில்லை. வாந்தி வரவில்லை. ஒரு கட்டத்துக்குப் பிறகு கை சின்னக் கையாக மாறியது. அண்ணி தூக்கிப் பிடிக்க, அவளே எடுத்தாள்.

இவர் வந்தபோது வாசலிலேயே நின்றுவிட்டார். மேஜைக்கு வெளியே தன் அக்காவின் இரண்டு பாதங்கள். "அக்கா?" என்றார்.

"வாயை மூடிட்டு உட்காரு. நாங்க ஒளிஞ்சிருக்கோம்."

இவர் சத்தமில்லாமல் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்து கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாலரை தாண்டிவிட்டது. மருத்துவமனைப் பை வாசலில் தயாராக இருந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

திடீரென்று மேஜைக்கு அடியில் குசுகுசு நின்றுவிட்டது.

"என்ன அண்ணி?" நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். "துவண்டுட்டாளா?"

"யாரும் சத்தம் போடாதீங்க" என்றார் அண்ணி, அசையாமல், மிக மெதுவாக. "சத்தம் போட்டா நிறுத்திடுவா. என் மடியில போய்க்கிட்டு இருக்கா."

நாங்கள் இரண்டு பேரும் தரையில் கைகளை ஊன்றிக் குனிந்து பார்த்தோம். அண்ணி சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார், துவைத்துத் தேய்த்த உடையில். அவர் மடியில் பீரங்கி, காலியான டம்ளரைத் தலையில் தொப்பியாக வைத்துக்கொண்டு. "இன்னும் போறா" என்றார் அண்ணி. "ம், நல்லாவே போறா."

எனக்குக் கண்ணீர் வந்தது. நிறையவே வந்தது. இந்த வீட்டில் எனக்கு நீர்ச்சத்துக் குறைவில்லை.

டாக்டருக்குப் போன் செய்து, "போயிட்டா டாக்டர். எங்க அண்ணி மேல" என்றேன். "நல்லது. கொடுத்துக்கிட்டே இருங்க" என்று வைத்துவிட்டார். சிரித்தாரா இல்லையா தெரியவில்லை.

மார்ச் 7, சனி

கஞ்சி குடித்தாள், மூன்று வாய், என் கிண்ணத்திலிருந்து, எனக்குத் தெரியாமல்.

நேற்று கத்தியதற்கு அண்ணியிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். டப்பாக்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி" என்று ஆரம்பித்தேன். "கேட்காம எடுக்கக்கூடாதுங்கறதை அடுத்த வாரம் மறுபடி சொல்லிக் கொடுத்துக்கலாம்" என்றார், என்னைப் பார்க்காமல். "முதல்ல உடம்பு தேறட்டும். இந்த உப்பு டப்பா எங்க இருக்கணும் உனக்கு?"

நான் காட்டினேன். அங்கே வைத்தார்.

மார்ச் 8, ஞாயிறு

டாக்டர் பார்த்துவிட்டு, "ம்" என்றார். அவர் அகராதியில் அது பெரிய பாராட்டு. வெளியே வரும்போது பீரங்கி அழுதாள், காத்திருந்த எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். கன்னமெல்லாம் கண்ணீர். துடைக்க மனசே வரவில்லை, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

சாயங்காலம் இவருக்கு ஆரம்பித்துவிட்டது. ஒரு வாந்திக்கு ஊரைக் கூட்டுகிறார். "நான் பிழைப்பேனா?" என்று கேட்டார். "லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்க இப்படிக் கேட்டா நீங்க என்ன சொல்வீங்க?" என்றேன். "பட்டனை அமுக்கிட்டு அமைதியா இருங்கன்னு" என்றார். அதையே செய்யச் சொன்னேன்.

மார்ச் 9, திங்கள்

நான்.

மார்ச் 10, செவ்வாய்

இன்றைக்குத்தான் பேனாவைப் பிடிக்க முடிகிறது. வலிக்காத இடம் உடம்பில் எது என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணியின் விடுமுறை நேற்றோடு முடிந்துவிட்டது. பள்ளிக்குப் போன் செய்து, "எங்க வீட்ல மூணு குழந்தைங்களுக்கு உடம்பு சரியில்லை" என்று சொல்லி லீவு கேட்டது என் காதில் விழுந்தது. பீரங்கி அந்தக் கணக்கில் இல்லை. அவளுக்கு ஒன்றுமில்லை, அவள் ஹாலில் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருக்கிறாள். இவரும் காலையிலேயே எழுந்து உட்கார்ந்துவிட்டார். அப்படியும் மூன்று என்று எப்படிக் கணக்கு வந்ததோ. பொய் சொல்லத் தெரியாதவர் என்று நினைத்திருந்தேன்.

காலையிலிருந்து ஸ்பூனோடு என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். "நாம என்ன பண்ணணும்? வாயைத் திறக்கணும்." நான் திறக்கவில்லை. அந்த வாசனையே குமட்டியது. "வச்சிட்டுப் போங்க அண்ணி, அப்புறமா குடிக்கிறேன்" என்றேன். "நேத்தும் இதைத்தான் சொன்ன" என்றார். "தண்ணி வேணாம், தூங்கணும்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அவர் எழுந்தார். பிறகு டம்ளரைக் கட்டில் பக்கத்து நாற்காலியில் வைக்கிற சத்தம் கேட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இது என் டம்ளர்" என்றார். "யாரும் தொடக்கூடாது."

நான் தலையைத் திருப்பிப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றிருந்தார். கண்ணாடியைக் கழற்றி, துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தார். நடிப்பு சுத்தமாக வரவில்லை, சிரிப்பில் தோள் குலுங்கியது.

எனக்குத் தெரியாததா. நாங்களே நடத்திய வித்தை. கையை நீட்டி டம்ளரை எடுத்தேன், அவர் முதுகின் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டு குடித்தேன். இரண்டு வாய்தான் இருந்தது. வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு, போர்வையை இழுத்துக்கொண்டு கண்ணை மூடினேன்.

அண்ணி வந்து டம்ளரை எடுத்து உள்ளே பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கூஜாவிலிருந்து இன்னும் இரண்டு வாய் ஊற்றி, அதே இடத்தில் வைத்துவிட்டு, மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.